விறைப்பூசி வந்த வரலாறு



பல்லுக்கொதி கண்டவனுக்கு இரவு எத்துணை நீளமானது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கல்முனைக் கடைத்தெருவில் வாணிகம் செய்வோராயினும், மருதமுனையில் தறியின் முன் அமர்ந்து நெய்வோராயினும், சாய்ந்தமருதுக் கடலிலே வலைவீசுவோராயினும், கொதி வந்துவிட்டால் கன்னத்தைக் கையிலே தாங்கிக்கொண்டு விடியலை நோக்கிக் கிடப்பதன்றி வேறு வழியில்லை. நம் முன்னோர் கராம்பை நசுக்கிச் சொத்தையில் வைத்தனர். உப்பு நீரால் வாயைக் கொப்பளித்தனர். இவற்றால் ஆறாத பல்லைக் குறட்டினால் பிடுங்கினர். பிடுங்கும்போது இருவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வதே அக்காலத்து மயக்க மருந்தாய் இருந்தது.

இன்றோ நிலைமை வேறு. வைத்தியசாலைக்குச் செல்கின்றோம்; பல்வைத்தியர் ஈறருகே ஒரு சிறு ஊசி ஏற்றுகின்றார்; சில நிமிடங்களில் உதடு தடித்ததுபோல் தோன்றி, அப்பக்கம் மரத்துப் போகின்றது. பல் போவதை அறிகின்றோம், நோவை அறிவதில்லை. இதனையே நம் மக்கள் விறைப்பூசி என்று பொருத்தமாகப் பெயரிட்டு வழங்குகின்றனர்.

இந்த ஊசியைப் போடும் கை முதன்முதலில் யார் வாயில் பழகியது? இக்கேள்வியை நாம் கேட்பதில்லை. எந்தக் கைவினைக்கும் முதல் நாள் ஒன்று உண்டு. தச்சனின் முதல் நாளில் மரம் கெடும். நெசவாளியின் முதல் நாளில் நூல் கெடும். வைத்தியனின் முதல் நாளில் கெடக்கூடியது மனித உடல். அந்த உடல் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். பல நாடுகளின் பல்வைத்தியக் கல்லூரிகளில் மாணாக்கர் இருவர் இருவராய் இணைந்து, ஒருவர் வாயில் மற்றவர் ஊசி ஏற்றிப் பழகும் வழக்கம் உண்டு. இவ்வழக்கத்துக்கு வியப்பூட்டும் வரலாறும், துயரமான வரலாறும் ஒருங்கே இருக்கின்றன.

நோவை வெல்லும் முயற்சியில் பல்வைத்தியர்களே முன்னின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலே கோல்ட்டன் என்பவர் சிரிப்பூட்டும் வாயுவைக் கொண்டு ஒரு வேடிக்கைக் காட்சி நடத்தினார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலிலே அடிபட்டும் அதனை உணராதிருந்தமையை, பார்வையாளருள் ஒருவராயிருந்த ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல்வைத்தியர் கண்டார். கண்டவர் மறுநாட் காலையில் நோயாளி எவரையும் தேடிச் செல்லவில்லை. தாமே வாயுவை முகர்ந்து, தம் நண்பர் றிக்ஸ் என்பாரைக் கொண்டு தமது கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவித்துக்கொண்டார். முதற் சோதனை தன் பல்லிலேயே நடந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1846 ஒக்டோபர் 16ஆம் நாள், மற்றொரு பல்வைத்தியராகிய வில்லியம் மோர்ட்டன் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தை உலகறியச் செய்தார்.

ஆயினும் இவையிரண்டும் முழு உடலையும் மயக்குவன. ஒரு பல்லுக்காக மனிதன் முழுவதும் உறங்க வேண்டுமா? ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் வழி பின்னும் நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. தென்னமெரிக்க மலைநாட்டு மக்கள் தொன்றுதொட்டு மென்றுவந்த கோக்கா இலையிலிருந்து, ஜெர்மானியரான அல்பேட் நீமன் என்னும் வேதியியலார் 1860ஆம் ஆண்டளவில் கொக்கேயின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். அது நாவை மரக்கச் செய்யும் என்பது அப்போதே தெரிந்திருந்தும், அதன் பயனை எவரும் ஊன்றி நோக்கவில்லை.

1884ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் வைத்தியரான கார்ல் கோலர் அதனை நோக்கினார். தவளையின் கண்ணிலும், முயல், நாய் ஆகியவற்றின் கண்ணிலும் அக்கரைசலை இட்டுப் பார்த்தபின், அவரும் அவருடைய தோழரான கார்ட்னரும் ஒருவர் கண்ணில் மற்றவர் அதனை விட்டுக்கொண்டனர். பின்னர்க் குண்டூசியின் தலையால் விழியைத் தொட்டனர். தொட்டதை உணரவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஹைடெல்பேர்க் நகரில் கூடிய கண்வைத்தியர் மகாநாட்டில் இச்செய்தி வெளியாயிற்று. பிரயாணத்துக்குப் பொருளில்லாமையால் கோலர் அங்குச் செல்லவில்லை; அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். நோவை ஓரிடத்தில் நிறுத்தும் கலை இவ்வாறு ஒரு வறிய இளைஞரின் விழியிலே தொடங்கிற்று.

செய்தி கடல் கடந்து நியூயோர்க் நகரை அடையச் சில வாரங்களே சென்றன. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட், றிச்சர்ட் ஹோல் என்னும் இரண்டு இளம் சத்திரவைத்தியர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். மருந்தை மேலே தடவுவதோடு நில்லாமல் நரம்பின் அருகே ஊசியால் செலுத்தினால் அந்நரம்பு செல்லும் இடமெல்லாம் விறைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இதனை ஆராய அவர்கள் தங்களையும், தங்கள் உதவியாளரையும், தங்களிடம் பயின்ற மாணாக்கரையும் பயன்படுத்தினர். ஒருவர் கையை மற்றவர் விறைக்கச் செய்தனர். ஹோலினுடைய முன்பல் ஒன்று மேலுதட்டருகே செல்லும் நரம்பை விறைக்கச் செய்து அடைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், கீழ்த்தாடைப் பற்களுக்குச் செல்லும் நரம்பினை விறைக்கச் செய்யும் ஊசியை ஹால்ஸ்டெட் ஒரு மருத்துவ மாணாக்கரின் வாயிலே ஏற்றினார். டிசம்பர் மாதத்தில் ஹோல் இவற்றையெல்லாம் எழுதி வெளியிட்டார்.

நேயர்களே, இன்று கல்முனையில் ஒருவர் கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவித்துக்கொள்ளும்போது பெறும் ஊசி அதுவே. அதன் தொடக்கத்தில் கூலிக்கு வந்தவரோ, ஏதுமறியா நோயாளியோ இருக்கவில்லை. ஒரு மாணாக்கர் இருந்தார். மாணாக்கர் வாயில் ஊசி பழகும் வழக்கம் பின்னாளில் கல்லூரிகள் கண்டுபிடித்த ஒன்றன்று. விறைப்பூசி பிறந்த நாளிலேயே உடன்பிறந்தது.

இனித் துயரமான பகுதியைச் சொல்ல வேண்டும். கொக்கேயின் மனிதனை அடிமைகொள்ளும் பொருள் என்பதை அன்று அவர்கள் உணர்ந்திருக்கவில்லை. தங்கள் உடலில் மீண்டும் மீண்டும் ஏற்றிய மருந்து அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஒளிபொருந்திய எதிர்காலம் உடையவரென மதிக்கப்பட்ட ஹால்ஸ்டெட் தொழிலை விட்டு, 1886இல் மனநோய் வைத்தியசாலையொன்றில் தங்க நேர்ந்தது. பின்னர் அவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பேராசிரியராகி, சத்திரவைத்தியத்தையே புதுக்கியவர் எனப் புகழ்பெற்றார். ஆயினும், மோர்ஃபீன் என்னும் மற்றொரு மருந்தின் பிடியிலிருந்து அவர் விடுபட்டிருக்கவில்லை என்பது, அவருடைய நண்பர் ஒஸ்லர் எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இல் வெளிவந்தபோதே உலகுக்குத் தெரிந்தது. ஹோல் நியூயோர்க்கை விட்டுக் கலிபோர்ணியாவுக்குச் சென்று 1897இல் மாண்டார். உடனிருந்த தோழர் சிலரும் அப்பழக்கத்திலிருந்து மீளாமலே மறைந்தனர். 1922ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்வைத்தியர்கள் ஹால்ஸ்டெட்டுக்குப் பொற்பதக்கம் அளித்துப் பாராட்டினர். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அவர் காலமானார். அவர் மார்பில் ஏறிய பதக்கத்தை வரலாறு குறித்துவைத்தது. ஊசிக்குத் தம் உடலைக் கொடுத்து அழிந்த மாணாக்கரின் பெயர்களோ பெரும்பாலும் நினைவில் இல்லை.

தன் உடலில் சோதிக்கும் வழக்கம் இதனோடு நிற்கவில்லை. 1898 ஓகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் என்பவரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்டும் ஒருவர் முதுகந்தண்டில் மற்றவர் ஊசி ஏற்ற முயன்றனர். பியருக்குப் போட்ட ஊசி சரிவரப் பொருந்தாமல் தண்டுநீர் ஒழுகிற்று. ஹில்டெபிராண்டுக்குப் போட்டது பலித்தது. அவருடைய முழங்காலின் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டியும், எரியும் சுருட்டை வைத்தும் பார்த்தனர். அவர் நோவை உணரவில்லை. விறைப்பு நீங்கியபின் இருவரும் கடுந்தலைவலியால் வருந்தினர்; பியர் ஒன்பது நாட்கள் படுக்கையிற் கிடந்தார்.

இத்தகைய துணிவை மெச்சுவதோடு, அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பியர் ஆசிரியர், ஹில்டெபிராண்ட் உதவியாளர். ஹால்ஸ்டெட் ஆசிரியர், அவரிடம் ஊசி ஏற்றுக்கொண்டவர் மாணாக்கர். மேலிருப்பவர் கேட்கும்போது கீழிருப்பவர் மறுத்துரைத்தல் எளிதன்று. இக்குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்க; பின்னர் இதற்கே திரும்புவோம்.

மருந்துகள் படிப்படியாகத் திருந்தின. 1901இல் தக்கமினே என்னும் ஜப்பானியர் அட்ரீனலினைப் பிரித்தெடுத்தார். அதனைச் சிறிதளவு சேர்த்தால் குருதிக்குழாய்கள் சுருங்கி மருந்து ஊசியிட்ட இடத்திலேயே நெடுநேரம் தங்கும் என்பதை ஜெர்மானியரான ஹைன்றிச் பிறவுன் கண்டார். அல்ஃபிறெட் ஐன்ஹோர்ன் 1904இல் ஆக்கிய நோவொகேயின், அடிமைகொள்ளும் தீமை இல்லாத மருந்தாக அமைந்தது. இன்று பெரிதும் வழங்கும் லிக்னோகேயினோ சுவீடன் நாட்டிற் பிறந்தது. 1930களில் எர்ட்மன் என்னும் ஆராய்ச்சியாளர் தாம் ஆக்கிய பொருளொன்றைச் சுவைத்தபோது நா மரத்துப்போயிற்று. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்த லொஃப்கிரென் 1943இல் லிக்னோகேயினை ஆக்கினார். அவருடைய இளம் தோழரான லுண்ட்குவிஸ்ட் அதனைத் தம் உடலிலேயே ஊசியாக ஏற்றிச் சோதித்தார். 1948இல் அது சைலொகேயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கும் முதல் உடல் ஆராய்ந்தவனுடைய உடலே.

நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணாக்கரைப் பயிற்றினார். அவர் வெளியிட்ட இரணவைத்தியம் என்னும் நூல் 1867ஆம் ஆண்டினது. சத்திரவைத்தியத்தைத் தமிழிற் சொல்ல முடியும் என்று காட்டிய அப்பெரியார் 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே காலமானார். கோலரின் செய்தி வெளியானது அவ்வாண்டு செப்டெம்பரில். ஆகவே, தமிழில் வைத்தியம் கற்ற அந்த முதல் தலைமுறை மாணாக்கர் தம் ஆசிரியரிடம் விறைப்பூசியைக் கற்க இயலவில்லை.

பல்வைத்தியப் படிப்பு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1943இல் கொழும்பிலே தொடங்கி, 1950களிற் பேராதனைக்குச் சென்றது. நெடுங்காலம் நாடு முழுமைக்கும் அது ஒன்றே பல்வைத்தியக் கல்லூரியாய் விளங்கிற்று. கல்முனையிலோ நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ பிறந்த மாணாக்கர் அம்பாறை, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் ஏறியே அக்கல்வியைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. கடலோரத்துப் பிள்ளை மலைநாட்டிற் கற்று, மீண்டும் கடலோரத்துக்கு வந்து, தன் ஊரவரின் வாயைத் திறக்கச் சொல்லி ஊசியைக் கையில் எடுக்கும் நாளே அக்கல்வியின் பயன் விளங்கும் நாள்.

அந்த ஊசி எவ்வாறு போடப்படுகின்றது என்பதைச் சிறிது கூறுதல் தகும். கீழ்த்தாடை நரம்பு, தாடையெலும்பின் உட்புறத்திலுள்ள சிறு துளை வழியே எலும்புக்குள் நுழைகின்றது. அத்துளை கண்ணுக்குத் தெரியாது. வைத்தியர் தம் பெருவிரலைக் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னாலுள்ள எலும்பு விளிம்பில் ஊன்றி, எதிர்ப்பக்கத்துச் சிறு கடைவாய்ப் பற்களின் மேலிருந்து ஊசியைச் செலுத்துவார். முனை எலும்பைத் தொட்டவுடன் சற்றே பின்னிழுப்பார். குருதிக்குழாயினுள் முனை புகவில்லை என்பதை அறிய, ஊசியின் பிடியைப் பின்வாங்கிப் பார்ப்பார். குருதி வராவிடின் மருந்தை மெல்ல மெல்லச் செலுத்துவார். விரைந்து செலுத்தினால் நோவு மிகும். முனை மிகப் பின்னே சென்றுவிட்டால் மருந்து முகநரம்பைத் தாக்கி, கண்ணிமை மூடாமலும் வாய் ஒரு பக்கம் கோணியும் சில மணிநேரம் நிற்கும். குருதிக்குழாய் கீறப்பட்டால் கன்னம் வீங்கும். தசை புண்பட்டால் சில நாட்கள் வாய் திறவாது. அரிதாக, நாவின் நரம்போ உதட்டின் நரம்போ காயமுற்று நெடுங்காலம் மரத்திருப்பதும் உண்டு.

காணாத துளையைக் கையால் உணர்ந்தறியும் இவ்வேலையைப் புத்தகம் மட்டும் கற்பிக்காது. ஆகவேதான் மாணாக்கர் ஒருவர் மற்றவருக்குப் போட்டுப் பழகும் வழக்கம் நிலைத்தது. இதனை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் வலிமை வாய்ந்தவை. முதலாவது, அனுபவமற்ற கையின் முதற் பிழை ஏழை நோயாளியின் மேல் விழலாகாது. இரண்டாவது, ஊசி ஏற்றுக்கொண்டவனே ஊசியின் தன்மையை அறிவான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் பழமொழி. மரத்த உதட்டோடு ஒரு பிற்பகல் முழுவதும் இருந்து, தேநீர் வாயோரத்தில் வழிவதைத் தானே கண்ட மாணாக்கன், பின்னொரு நாள் பல் பிடுங்கிய சிறுவனின் தாயிடம், விறைப்பு நீங்கும்வரை பிள்ளை உதட்டைக் கடிக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மறக்கமாட்டான்.

எதிர்ப்போர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1947இல் நியூரம்பேர்க் நீதிமன்றமும், 1964இல் ஹெல்சிங்கி நகரில் உலக வைத்தியர் சங்கமும், மனிதன்மேற் செய்யும் ஆராய்ச்சிக்கு அவனுடைய மனமார்ந்த சம்மதம் இன்றியமையாதது என்று வகுத்தன. அவை ஆராய்ச்சிக்குரிய விதிகளே. எனினும் அவற்றின் கருத்து வகுப்பறைக்கும் பொருந்தும். புள்ளியிடும் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, தோழர் அனைவரும் வாய்திறந்து அமர்ந்திருக்க, ஒருவன் மட்டும் எனக்கு வேண்டாம் என்று எவ்வாறு சொல்வான்? இதயநோய் உடையவர், மருந்து ஒவ்வாதவர், கருவுற்றிருக்கும் மாணவி ஆகியோர், மறுக்கும் காரணத்தைக் கூறுவதனாலேயே தம் அந்தரங்கத்தை வெளியிட நேர்கின்றது. ஆண் தோழர் தம் முகத்தைத் தொடுவதை விரும்பாத மாணவியும் உண்டு. ஊசியினால் குருதிவழி நோய்கள் தொற்றக்கூடும் என்ற அச்சம் 1980களுக்குப் பின் மிகுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வூசியால் அதனை ஏற்பவருக்கு வைத்தியப் பயன் எதுவுமில்லை. ஆபத்து சிறிதாயினும் உண்டு.

இவ்வாதங்களின் விளைவாகச் சில கல்லூரிகள் இவ்வழக்கத்தைக் கைவிட்டன. சில, விரும்பியோர்க்கு மட்டும் என்று மாற்றின. செயற்கைத் தலைகளும், ஊசியின் முனை உரிய இடத்தைத் தொட்டால் ஒளியோ ஒலியோ எழுப்பும் பொறிகளும் வந்துள்ளன. பொறியில் பழகிய கை முதற் பிழைகளை அங்கேயே செய்து முடிக்கும் என்பது உண்மை. ஆயினும் பொறி முகஞ்சுளிப்பதில்லை. அதன் கண்ணில் அச்சம் தோன்றுவதுமில்லை.

தோழரின் வாயும் எல்லாவற்றையும் கற்பித்துவிடாது என்பதற்கு நம் பகுதியிலேயே சான்றுண்டு. இளம் மாணாக்கரின் வாய் நன்கு திறக்கும், தசை இளகியிருக்கும். கல்முனைப் பகுதியில் வைத்தியரிடம் வரும் மூதாட்டியின் வாய் அத்தகையதன்று. நெடுங்காலம் வெற்றிலையோடு பாக்கை மென்றவர்களுள் சிலருக்குப் பாக்கின் தன்மையால் கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுகூட வாய் திறவாமற் போவதுண்டு. வாய்ப் புற்றுநோய்க்கும் அது முன்னறிகுறியாகலாம். அத்தகையவருக்கு மேலே சொன்ன வழக்கமான ஊசி செல்லாது. வாயை மூடியபடியே பற்களுக்கும் கன்னத்துக்கும் இடையே ஊசியைச் செலுத்தும் முறையை வசிரானி என்பவர் 1960இலும், நைஜீரியரான அக்கினோசி 1977இலும் எழுதினர். அம்முறையைக் கைவரப் பெறாதவர், வாயை இன்னும் அகலத் திறவுங்கள் என்று அந்த மூத்தம்மாவை வருத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது.

ஆகவே முடிவு யாது? தன் உடலை முன்வைத்துக் கற்றவர்களை நாம் மதிப்போம். ஆனால் அவர்களை மதிப்பதற்காக இன்றைய மாணாக்கரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. வெல்ஸ் தம் பல்லைத் தாமே ஈந்தார். எவரும் அவரை ஏவவில்லை. அதில் மேன்மை உண்டு. ஏவப்பட்டு ஈந்த மாணாக்கரின் கதையில் இருப்பது இரக்கமே. பொறியிலே கையைப் பழக்கி, பின் மனமுவந்த தோழரிடம், ஆசிரியர் அருகிருக்க, மறுப்பவருக்கு எவ்விதக் குறையும் நேராவண்ணம் பயில்வதே நேரிய வழி. மறுக்க உரிமையுள்ள இடத்தில் கொடுக்கப்படும் சம்மதமே சம்மதம். அந்த உரிமையை மாணவனாய் இருந்தபோது பெற்றவனே, பின்னர் நோயாளியின் தயக்கத்தையும் மதிப்பான்.

என்றோ ஒரு நாள் ஒரு முதியவர் கல்முனையில் பல்வைத்தியரின் கதிரையிற் சாய்ந்து, "மகன், ஊசி நோகுமா?" என்று கேட்பார். அதற்கு, நோகாது என்று சொல்வது பொய். நோகும் என்று மட்டும் சொல்வது இரக்கமின்மை. "எறும்பு கடித்ததுபோலச் சிறிது நோகும் வாப்பா, மெதுவாகத்தான் போடுவேன், கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவேன்" என்று அவ்வைத்தியர் மறுமொழி கூறுவாராயின், அவர் நன்கு கற்றிருக்கின்றார் என்று நாம் கொள்ளலாம்.